மூன்று மணி அலாரமும் காலைச் சர்க்கரையும்

கேள்வி: எனக்கு வயது 63. ஓய்வுபெற்ற ஆசிரியை. பதினோரு ஆண்டுகளாக இரண்டாம் வகை சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகளுடன் இரவில் ஒருவேளை இன்சுலினும் போட்டுக்கொள்கிறேன். வெளியூரில் இருக்கும் மகன் நான்கு மாதங்களுக்கு முன், சர்க்கரையைத் தொடர்ந்து அளந்து மொபைலில் காட்டும் சென்சார் வாங்கி அனுப்பினான். இடது கையில் ஒட்டியிருக்கிறேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.6-இலிருந்து 7.7-க்கு இறங்கிவிட்டது. ஆனால் நிம்மதி போய்விட்டது. ஒரு நாளில் நாற்பது தடவையாவது மொபைலைப் பார்க்கிறேன். வாரத்தில் மூன்று நான்கு நாள் விடியற்காலை மூன்று மணி வாக்கில் 58, 61 என்று அலாரம் அடிக்கிறது. வியர்வை, படபடப்பு எதுவும் இல்லை. இருந்தாலும் பயந்து குளுக்கோஸ் கரைத்துக் குடித்துவிட்டுப் படுக்கிறேன். ஒருநாள் மட்டும் கழிவறைக்குப் போய்விட்டு வந்து பார்த்தேன். எதுவும் குடிக்காமலேயே 97 என்று காட்டியது. காலையில் 170-க்குக் குறைவதே இல்லை. மகன் புதிதாகப் பதிவிறக்கிய செயற்கை நுண்ணறிவுச் செயலி, இரவு இன்சுலினை நான்கு யூனிட் கூட்டச் சொல்கிறது. என் அளவுகள் எல்லாம் அவன் மொபைலுக்கும் போகின்றன. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் "என்னம்மா சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டு அழைத்துவிடுகிறான். எங்கள் டாக்டரோ மொபைலை நீட்டினால் பார்ப்பதில்லை. இந்தக் கருவிகளால் பயன் உண்டு என்று ஆராய்ச்சி உண்மையிலேயே சொல்கிறதா? வாழ்நாள் முழுவதும் இதை ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அம்மா, வணக்கம்.

நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன் கேட்காத ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இரவு இன்சுலினைக் கூட்டாதீர்கள். செயலி சொன்னாலும் மகன் சொன்னாலும், உங்கள் டாக்டரிடம் பேசாமல் ஒரு யூனிட்கூடக் கூட்ட வேண்டாம். காரணம் உங்கள் கடிதத்திலேயே, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில் இருக்கிறது. எதுவும் குடிக்காமலேயே 97 ஆனது என்கிறீர்களே, அந்த வரியில்.

சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கு அடியில் இருக்கும் அதன் மெல்லிய இழை, செல்களுக்கு நடுவே ஊறியிருக்கும் திசுநீரில் எவ்வளவு குளுக்கோஸ் இருக்கிறது என்று அளக்கிறது. அந்த நீருக்கு குளுக்கோஸ் வந்து சேர்வது அக்கம்பக்கத்து நுண் ரத்தக் குழாய்களிலிருந்துதான். தூக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து, கை உடம்புக்கு அடியில் அழுந்தினால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைகிறது. வரத்து குறைய, இழையைச் சுற்றியுள்ள குளுக்கோஸும் குறைகிறது. சென்சார் அதை அப்படியே 58 என்று சொல்லிவிடுகிறது. உடம்பின் மற்ற பகுதிகளில் சர்க்கரை சரியாகவே இருக்கும். நீங்கள் எழுந்து நடந்ததும் அழுத்தம் விலகி, ரத்தம் பாய்ந்து, எண் தானாக மேலே வந்துவிடும். சென்சார் வைத்துச் சிகிச்சை செய்யும் எங்களுக்கு இது பழகிய விஷயம். அழுத்தத்தால் வரும் பொய்த் தாழ்வு என்போம். நீங்கள் எந்தப் பக்கம் படுப்பீர்கள் என்று எழுதவில்லை. இடப்பக்கமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி, அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். கை அழுந்துகிறது, அலாரம் அடிக்கிறது, நீங்கள் குளுக்கோஸ் குடிக்கிறீர்கள். உண்மையில் குறையாத சர்க்கரையின் மேல் அந்தக் குளுக்கோஸ் போய்ச் சேர்கிறது. காலையில் 170. செயலிக்குத் தெரிவது அந்தக் காலை அளவு மட்டும்தான். நீங்கள் மூன்று மணிக்கு எழுந்து குடித்தது அதற்குத் தெரியாது. நீங்கள் அதைப் பதிவு செய்திருக்கவும் மாட்டீர்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை கூடுதலாக இருக்கிறது, ஆகவே இரவு இன்சுலின் போதவில்லை என்று அது முடிவு கட்டுகிறது. அதன் சொல்லைக் கேட்டு நான்கு யூனிட் கூட்டினால், அதன்பிறகு வரும் மூன்று மணி 58 பொய்யாக இருக்காது. இல்லாத தாழ்சர்க்கரைக்கு மருந்து குடித்துக் குடித்து, உண்மையான தாழ்சர்க்கரையை நாமே வரவழைத்துக்கொண்டதாக ஆகிவிடும். வேறு வீடுகளில் இது நடந்து முடிந்தபிறகு என்னிடம் அழைத்து வந்திருக்கிறார்கள். நீங்கள் முன்னதாகவே எழுதிவிட்டீர்கள்; அந்த வகையில் எனக்கு மிகுந்த நிம்மதி.

ஆனால் நான் சொல்வது ஊகம்தான். எல்லா இரவும் பொய்த் தாழ்வு என்று நீங்கள் முடிவு செய்துகொண்டு அலாரத்தை அணைத்துவிட்டால், அது இன்னும் பெரிய ஆபத்து. கிளிமிபிரைடு, கணையத்தை உந்தி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. அதோடு இன்சுலின் ஊசியும் சேரும்போது இரவில் சர்க்கரை நிஜமாகவே இறங்க வாய்ப்பு உண்டு. பல ஆண்டுகள் சர்க்கரை நோய் இருப்பவர்களில் சிலருக்கு வியர்வையும் படபடப்பும் வராமலேயே சர்க்கரை இறங்கும். ரத்த அழுத்தத்துக்காகவோ இதயத்துக்காகவோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிட்டால் படபடப்பு தெரியாமல் போகலாம். ஆகவே அறிகுறி இல்லை என்பதை மட்டும் வைத்து நாம் தைரியமாக இருந்துவிட முடியாது.

இதைத் தீர்த்துவைக்க, உங்கள் வீட்டு அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும் பழைய குளுக்கோமீட்டர் போதும். சென்சார் வந்ததும் அதை ஓரம் கட்டியிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அதை எடுத்துத் தலைமாட்டில் வையுங்கள். சோதனைப் பட்டைகளின் காலாவதித் தேதியைப் பாருங்கள். அலாரம் அடித்தால் எழுந்து, கையை ஈரத்துணியால் துடைத்து உலர்த்திவிட்டு, விரல் நுனியில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மறுபடியும் விரலில் பாருங்கள். அந்த நேரத்தில் சென்சாரைப் பார்க்காதீர்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறியபிறகும் திசுநீரில் அது தெரிய ஐந்து பத்து நிமிடம் பிந்தும். இன்னும் ஏறவில்லையே என்று பதறி இரண்டாவது, மூன்றாவது தம்ளர் குடித்துவிட்டுக் காலையில் 250-இல் எழுபவர்கள் பலர். விரலில் 70-க்கு மேல் இருந்து, உடம்புக்கும் ஒன்றும் இல்லையென்றால், புரண்டு மறுபக்கம் படுத்துக்கொள்ளுங்கள். தலைசுற்றலோ குழப்பமோ வியர்வையோ இருந்தால் மட்டும் மீட்டரைத் தேடிக்கொண்டிருக்காமல் முதலில் குளுக்கோஸைக் குடித்துவிடுங்கள். அளவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இனி ஆராய்ச்சி. உங்கள் முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் வேண்டும் என்றால், ஆம். உங்களைப் போன்றவர்களுக்குப் பயன் உண்டு என்றுதான் ஆராய்ச்சி சொல்கிறது. 'உங்களைப் போன்றவர்கள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்தத் துறை ஆராய்ச்சியைப் படிக்கும்போது எவருமே தவறவிடும் இடம் அதுதான்.

2021-இல் ஜாமா மருத்துவ இதழில் வெளிவந்த 'மொபைல்' என்ற ஆய்வு கிட்டத்தட்ட உங்களுக்காகவே நடத்தியது போன்றது. இரண்டாம் வகை சர்க்கரை நோய் உள்ள 175 பேர். உணவு நேரத்து ஊசி எதுவும் இல்லாமல், நீண்ட நேரம் வேலை செய்யும் அடிப்படை இன்சுலின் மட்டும் போட்டுக்கொள்பவர்கள். சராசரி வயது 57. குலுக்கல் முறையில் சிலருக்கு சென்சாரும் மற்றவர்களுக்கு வழக்கமான விரல் நுனிப் பரிசோதனையும் தந்தார்கள். எட்டு மாதம் கழித்து, சென்சார் குழுவின் சராசரி எச்பிஏ1சி 9.1-இலிருந்து 8.0-க்கு வந்திருந்தது. அளவு 70-க்கும் 180-க்கும் இடையே இருந்த நேரம் சென்சார் குழுவில் 59 சதவீதம், மற்ற குழுவில் 43 சதவீதம். பெரிய வித்தியாசம்தான்.

ஆனால் மற்ற குழுவின் எச்பிஏ1சி என்ன ஆயிற்று தெரியுமா? 9.0-இலிருந்து 8.4-க்கு அதுவும் இறங்கியிருந்தது, சென்சாரே இல்லாமல். ஆய்வில் சேர்ந்தோம், யாரோ கவனிக்கிறார்கள், அடிக்கடி பரிசோதிக்கிறோம் என்பதே மனிதரை மாற்றிவிடுகிறது. தவிர, சர்க்கரை மிக மோசமாக இருக்கும் வேளையில்தான் எவரும் புதிதாக ஒன்றைத் தொடங்குவார்கள். அந்த உச்சத்திலிருந்து கொஞ்சம் தானாகவே இறங்கும். இவற்றையெல்லாம் கழித்தபிறகு சென்சாரின் சொந்தப் பங்கு என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டது 0.4. உங்கள் 0.9-ஐ முழுக்க அந்தக் கருவியின் கணக்கில் எழுதாதீர்கள். அதில் பாதியாவது உங்கள் உழைப்பாக இருக்கும். எதைச் சாப்பிட்டால் ஏறுகிறது என்று கவனித்ததும், மாத்திரையைத் தவறவிடாததும், நடந்ததும் நீங்கள்தானே. விளம்பரங்களில் 'முன்பு 9, இப்போது 7' என்று முகமலர்ச்சியோடு ஒருவர் நிற்கும்போதெல்லாம் நான் தேடுவது, அருகில் நிற்காத அந்த ஒப்பீட்டுக் குழுவைத்தான்.

இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். 2017-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்தது. இன்சுலின் போடாத, இரண்டாம் வகை நோயாளிகள் 450 பேர். ஒரு பகுதியினர் வீட்டில் சர்க்கரை பார்க்கவே இல்லை. ஒரு பகுதியினர் தினம் ஒருமுறை விரல் நுனியில் பார்த்தார்கள். மூன்றாவது பகுதியினருக்கு மீட்டரே அளவுக்கு ஏற்ற அறிவுரைச் செய்தியையும் காட்டியது. ஓராண்டு கழித்து மூன்று குழுக்களின் எச்பிஏ1சியிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தினமும் குத்திக்கொண்டவர்களுக்கும் குத்திக்கொள்ளாதவர்களுக்கும் ஒரே பலன். அந்த முடிவு வந்தபோது எங்களில் பலருக்கு மனம் கனத்தது. எத்தனை பேரைக் காரணமில்லாமல் விரலில் குத்தச் சொல்லியிருக்கிறோம் என்று அன்று யோசித்தேன்.

இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வட கரோலினா ஆய்வில் எண் வந்தது. அந்த எண்ணால் மறுநாள் மாறியது என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒற்றை எண்ணாக அது வந்து போனது. 'மொபைல்' ஆய்வில் நாள் முழுவதும் ஓடும் கோடு கண்ணுக்குத் தெரிந்தது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று அவரவருக்குப் புரிந்தது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் என்பதால் அதை வைத்துச் செய்வதற்கும் ஒன்று இருந்தது. இந்தத் துறையில் நான் படித்த ஆய்வுகள் எல்லாம் சுற்றிச் சுற்றி வந்து நிற்பது இந்த ஓர் இடத்தில்தான். எண்ணைப் பார்த்து, சரியான ஒன்றை யாராவது மாற்றினால் பயன் வருகிறது. மாற்றாவிட்டால் கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் வருவதில்லை. தவறான ஒன்றை மாற்றினால் என்ன ஆகும் என்பதை உங்கள் மூன்று மணி அலாரத்தில் பார்த்தோம்.

முதல் வகை நோயாளிகளுக்கான தானியங்கி இன்சுலின் பம்ப் ஏன் அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கும் இதுவே விளக்கம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை சென்சாரின் அளவைப் படித்து, பம்ப்பே இன்சுலினைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. 2019-இல் வெளியான, 168 பேர் கலந்துகொண்ட ஆறு மாத ஆய்வில், இலக்குக்குள், அதாவது 70-க்கும் 180-க்கும் இடையே, இருந்த நேரம் 61-இலிருந்து 71 சதவீதமானது. சென்சாரோடு சாதாரண பம்ப் வைத்திருந்தவர்களுக்கு 59 சதவீதமாகவே நின்றுவிட்டது. இரு தரப்புக்கும் எண் தெரிந்தது. ஒரு தரப்பில் மட்டும் அந்த எண்ணுக்கு ஏற்ப இடைவிடாமல் வேலை நடந்தது. இது உங்களுக்குத் தேவைப்படும் சிகிச்சை அல்ல. மகன் எங்காவது படித்துவிட்டுக் கேட்பார் என்பதற்காகச் சொன்னேன்.

செயலிகளுக்கு வருவோம். அவற்றை நான் வெறுப்பவன் அல்ல. 2011-இல் வெளிவந்த ஓராண்டு ஆய்வில், 163 பேரில் ஒரு பகுதியினருக்கு மொபைல் வழி வழிகாட்டுதலும், அவர்களின் மருத்துவருக்கு அந்தத் தரவை வைத்துச் சிகிச்சைக் குறிப்புகளும் தந்தார்கள். அவர்களின் எச்பிஏ1சி 1.9 குறைந்தது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு 0.7. மருத்துவரும் அந்த வட்டத்துக்குள் இருந்தார் என்பதைப் பாருங்கள். அதைவிட எளிமையானதும் பலன் தந்திருக்கிறது. நியூசிலாந்தில் 366 பேரில் பாதிப் பேருக்கு ஒன்பது மாதம் வரை வெறும் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். ஸ்மார்ட்போன்கூடத் தேவையில்லை. அவரவர் நிலைக்கு ஏற்ற ஊக்கமும் நினைவூட்டலும்தான் செய்தி. 2018-இல் வெளியான முடிவில், குறுஞ்செய்தி பெறாதவர்களைவிட அவர்களின் எச்பிஏ1சி ஏறத்தாழ 0.4 குறைவாக இருந்தது. சென்சார் தந்த அதே அளவு. தொழில்நுட்பம் புதிதாக இருந்தால்தான் பலன் கூடும் என்ற நம்பிக்கையை இந்த ஓர் ஆய்வு எனக்குள் அசைத்துவிட்டது.

செயலிகளின் பெரிய பலவீனம், மனிதர்கள் அவற்றை விட்டுவிடுவது. நாட்பட்ட நோய்களுக்கான செயலி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2020 ஆய்வறிக்கை ஒன்றில், சேர்ந்தவர்களில் 43 சதவீதம் பேர் இடையில் விலகியிருந்தார்கள். ஆய்வில் தாமாக முன்வந்து சேர்ந்தவர்களே இப்படி என்றால், வீட்டில் எவ்வளவு நாள் ஓடும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இன்சுலின் அளவு சொல்லும் செயலிகளைப் பற்றி மட்டும் நான் கடுமையாகவே பேசுவேன். 2015-இல் ஆய்வாளர்கள் 46 இன்சுலின் கணக்கீட்டுச் செயலிகளை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். 67 சதவீதம் செயலிகள் பொருத்தமற்ற அளவைப் பரிந்துரைக்கும் அபாயத்தில் இருந்தன. எந்தக் குறையும் இல்லாமல் தேறியது ஒன்றே ஒன்று. பெரும்பாலானவை, உள்ளிடும் எண் சரியானதுதானா என்றுகூடச் சரிபார்க்கவில்லை. அதன்பின் தொழில்நுட்பம் எவ்வளவோ முன்னேறிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். மருத்துவக் கருவி என்ற முறையான அனுமதியோடு, மருத்துவரின் மேற்பார்வையில் அளவு சொல்லும் நல்ல மென்பொருள்களும் வந்திருக்கின்றன. மகன் பதிவிறக்கியது அந்த வகைதானா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். அனுமதி இல்லாத எந்தச் செயலிக்கும் உங்கள் ஊசியில் எத்தனை யூனிட் என்று சொல்லும் உரிமை இல்லை. அது எவ்வளவு இனிமையாக, எவ்வளவு நம்பிக்கையோடு பேசினாலும் சரி.

அதோடு, உங்கள் அளவுகளை அது வேறு யாருக்குத் தருகிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 2016-இல் சர்க்கரை நோய்க்கான 211 ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தபோது, 81 சதவீதத்துக்குத் தனியுரிமைக் கொள்கை என்று ஒன்றே இல்லை.

வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொள்ள வேண்டுமா? இதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 'மொபைல்' ஆய்வு முடிந்தபின் சிலரிடமிருந்து சென்சாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு மேலும் ஆறு மாதம் பார்த்தார்கள். இலக்குக்குள் இருக்கும் நேரத்தில் அவர்கள் பெற்ற முன்னேற்றத்தில் ஏறத்தாழப் பாதி கரைந்துபோயிற்று. கழற்றினால் பலன் போய்விடும் என்பதற்கு இது சான்று. 2012-இல் வெளியான ஆய்வு வேறுவிதமாகச் சொல்கிறது. அதில் 100 பேர். உணவு நேரத்து இன்சுலின் போடாதவர்கள். சென்சார் குழுவினர் இரண்டு வாரம் அணிவதும் ஒரு வாரம் கழற்றுவதுமாக மூன்று மாதம் மட்டுமே அணிந்தார்கள். ஓராண்டு முடிவிலும் அவர்களின் எச்பிஏ1சி தொடக்கத்தைவிட 0.8 குறைவாக இருந்தது, மற்றவர்களுக்கு 0.2. கற்றுக்கொண்டது உடம்போடு தங்கிவிட்டது போலும். ஆஸ்திரேலியாவில் 299 பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் சென்சார் பொருத்திப் பார்த்த 2020 ஆய்வில், ஓராண்டு முடிவில் எச்பிஏ1சி வித்தியாசம் உறுதியாகத் தெரியவில்லை; ஆனால் இலக்குக்குள் இருந்த நேரம் ஏறத்தாழ எட்டு சதவீதப் புள்ளிகள் கூடியிருந்தது.

இவற்றை வைத்து என் கருத்தைச் சொல்கிறேன். கிளிமிபிரைடும் இன்சுலினும் சேர்ந்திருக்கும்வரை, அதுவும் இந்த இரவுக் குழப்பம் தீராதவரை, சென்சார் இருக்கட்டும். மருந்து நிலைப்பட்டு, இரவில் சர்க்கரை இறங்குவதில்லை என்று உறுதியானபிறகு, சில மாதங்களுக்கு ஒருமுறை இரண்டு வாரம் ஒட்டிப் பார்ப்பது உங்களுக்குப் போதுமானதாக இருக்கலாம். பதினான்கு நாள் ஒழுங்காக அணிந்தாலே மூன்று மாத நிலவரத்தை ஓரளவு நன்றாகக் கணித்துவிட முடியும் என்பதில் வல்லுநர்கள் ஒத்துப்போகிறார்கள். உங்கள் டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

அந்த நாற்பது தடவை என்னை உறுத்துகிறது. எண் 180-ஐத் தாண்டும்போதெல்லாம் ஏதோ தவறு செய்துவிட்டதாக உங்களுக்குத் தோன்றுகிறது என்று நினைக்கிறேன். 2019-இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி வகுத்த இலக்கு என்ன தெரியுமா? பெரும்பாலானவர்களுக்கு, ஒரு நாளில் 70 சதவீதத்துக்கு மேல் 70-க்கும் 180-க்கும் இடையே இருந்தால் போதும். அதாவது 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 17 மணி நேரம். மீதி ஏழு மணி நேரம் தாண்டிப் போக அவர்களே இடம் விட்டிருக்கிறார்கள். மூப்பும் உடல் தளர்ச்சியும் உள்ளவர்களுக்கு 50 சதவீதம் தாண்டினாலே போதும் என்றார்கள். கண்டிப்பெல்லாம் கீழ்ப்பக்கத்தில்தான்: பெரும்பாலானவர்களுக்கு 70-க்குக் கீழே நாளில் ஒரு மணி நேரத்துக்குள், 54-க்குக் கீழே கால் மணி நேரத்துக்குள். சர்க்கரை நோயே இல்லாதவர்களுக்கு சென்சார் ஒட்டிப் பார்த்த ஆய்வில், அவர்களுக்கும் தினம் அரை மணி நேரம்போல 140-ஐத் தாண்டியது. சாப்பிட்டால் சர்க்கரை ஏறும். ஏறி இறங்குவது உடம்பின் இயல்பு. சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை, காலையில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை பார்த்தால் தாராளம். மற்ற நேரத்தில் மேல்நிலை அலாரத்தை அணைத்துவிடுங்கள். தாழ்நிலை அலாரத்தை மட்டும் தொடாதீர்கள்.

சென்சாரும் மீட்டரும் ஆய்வகமும் மூன்று எண் சொன்னால் கலங்க வேண்டாம். தரமான மீட்டருக்கே, 100-க்குக் கீழான அளவுகளில் 15 வரை முன்பின் இருக்கலாம் என்று சர்வதேசத் தரவிதி இடம் தருகிறது. ஆனால் தோலைத் துளைக்காமலேயே சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் கைக்கடிகாரமோ மோதிரமோ அடுத்த பரிசாக வந்தால் வாங்கிவிடாதீர்கள். அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது.

உங்கள் டாக்டர் மொபைலைப் பார்ப்பதில்லை என்பதில் அவர் மேல் வருத்தப்படாதீர்கள். அவர் முன்னால் ஒரு நோயாளிக்கு இருப்பது சில நிமிடங்கள். மொபைல் திரையில் விரலால் தள்ளித் தள்ளி நான்கு மாதத்தைப் பார்க்க முடியாது. சென்சார் செயலியிலேயே இரண்டு வாரத்தை ஒரே பக்கத்தில் தொகுத்துத் தரும் அறிக்கை இருக்கும். பதினான்கு நாட்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, எந்த மணியில் சர்க்கரை வழக்கமாக எங்கே நிற்கிறது என்று நிழற்பட்டையாகக் காட்டும். அதை அச்செடுத்து, மூன்று மணிக்கு வட்டமிட்டு, பக்கத்தில் விரல் நுனி அளவுகளைப் பேனாவால் எழுதிக் கொண்டுபோங்கள். அரை நிமிடத்தில் அவர் படித்துவிடுவார்.

மகனைப் பற்றி. அவர் பயப்படுகிறார் அம்மா. தொலைவில் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கோடு ஒன்றுதான் உங்களோடு இருக்கும் பிடி. ஆனால் அறுபத்து மூன்று வயதில், வகுப்பறையையே ஆண்டு வந்தவர், ஒவ்வொரு கவளத்துக்கும் கணக்கு ஒப்பிக்க வேண்டியிருந்தால் அது கண்காணிப்பாகத்தான் தெரியும். இப்படிக் கேட்கப்படுகிறவர்கள் நாளடைவில் சென்சாரையே கழற்றி வைத்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான செயலிகளில் பார்வையாளருக்கான அலாரத்தைத் தனியே அமைத்துக்கொள்ளலாம். அவருக்கு 55-க்குக் கீழே போனால் மட்டும் அலாரம் வரட்டும். அப்போது அவர் அழைக்கட்டும், நீங்கள் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டாரை அழைக்கட்டும். அதற்கு அவர் உண்மையிலேயே தேவை. சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றம் அவர் திரையில் வரவே வேண்டாம். வாரம் ஒருநாள் இருவரும் சேர்ந்து அறிக்கையைப் பார்த்துப் பேசுங்கள். மற்ற நாட்களில் அவர் அழைக்கும்போது வேறு ஏதாவது பேசட்டும். இந்தப் பத்தியை மட்டும் அவருக்கு அனுப்பிவிடுங்கள், நான் எழுதியதாகவே.

அடுத்த சென்சாரை வலது கையில் ஒட்டுங்கள். அலாரம் அடித்த மூன்று இரவுகளின் விரல் நுனி அளவுகள் கையில் சேர்ந்ததும் டாக்டரைப் பாருங்கள். மூன்றில் ஒன்றாவது நிஜமாக 70-க்குக் கீழே இருந்தால் மூன்று எண்ணும் சேரக் காத்திருக்காமல் மறுநாளே போங்கள். அப்படியானால் அவர் இன்சுலினையோ கிளிமிபிரைடையோ குறைக்க நினைக்கலாம். எல்லாமே பொய்த் தாழ்வு என்று தெரிந்தால், நடு இரவுக் குளுக்கோஸை நிறுத்திய ஒரு வாரத்துக் காலை அளவுகளைக் குறித்துக்கொண்டு போங்கள். இன்சுலின் போதுமா, போதாதா என்பதை அந்த அளவுகளை வைத்துத்தான் அவரால் சொல்ல முடியும்.